கம்ப்யூட்டருக்கு முடிவெட்டினேன்

மே 11, ஞாயிறு

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு யமீனா காபி போட்டாள். குடித்தாள். கோப்பையைக் கழுவினாள். மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தாள். அப்போதும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

"என்னம்மா, இன்னைக்கு முகம் காட்டுவியா மாட்டியா?" என்று திரையிடம் கேட்டாள். கட்டின புருஷன் என்னிடம்கூட இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

பதினொரு வருஷத்துப் பெட்டி. ஜூன் 15 அவள் முதுகலை ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள். பகலெல்லாம் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, நாற்பத்தொன்பது வயதில் படிக்கிறாள். ஒரே மீனுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு பெயர் இருக்கிறதாம், அதுதான் ஆய்வு. மீனவர்கள் பேசிய பதிவுகள் மட்டும் அறுபது. அத்தனையும் அந்தப் பெட்டிக்குள். ஒன்றைத் திறந்தால் மற்றதெல்லாம் மூச்சடைத்து நிற்கிறது.

புதிது வாங்கலாமா என்றால், பெருநாள் ஆடு இருக்கிறது, என் சலூன் வாடகை இருக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம்.

"நான் சரி பண்றேன்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "நீயா? ரேடியோவுக்கு பேட்டரிய தலைகீழா மாட்டிட்டு, ரெண்டு மாசம் ரேடியோ நிலையத்தையே திட்டின மனுஷன் நீ, மொக்தார்."

உண்மைதான். அதனால்தான் ரோஷம் வந்துவிட்டது.

மே 13, செவ்வாய்

சலூனில் வாய் விட்டேன், தப்பு. நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் கம்ப்யூட்டர் டாக்டர். முகம் முழுக்க நுரையோடு ஒருவர், "ஃபிரிட்ஜுல ஒரு ராத்திரி வை" என்றார். கன்னத்தில் கத்தி இருக்கும்போது மனிதன் எவ்வளவு தைரியமாகப் பேசுகிறான்!

ஒருவர் மட்டும் உருப்படியாகச் சொன்னார். பழைய சந்தையில் வசீலாவைப் பார்.

மே 15, வியாழன்

பெட்டியைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். உள்ளே குழந்தை என்று நினைத்திருப்பார். நானும் திருத்தவில்லை.

வசீலாவுக்கு முப்பது வயது இருக்கும். கழற்றிய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற சின்னக் கடை. ஸ்க்ரூடிரைவரைக் காதில் சொருகியிருக்கிறாள், நான் சீப்பைச் சொருகுவதுபோல. பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். இருமினாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுக்குள்ள ஆடு ஏதும் வளர்க்கிறீங்களா?"

முடி! சத்தியமாக முடி. எங்கள் பூனையுடையது, என் சட்டையில் ஒட்டி வந்த வாடிக்கையாளர்களுடையது, எல்லாம் விசிறியில் சுற்றிக்கொண்டு ஒரு தொப்பி மாதிரி.

அவள் சொன்னதை எழுதி வைக்கிறேன். ஆள் கிழவனில்லை, மூச்சுத் திணறல்தான். முதலில் தூசி. அடுத்து ரேம், நாலு ஜிபியை எட்டாக்கினால் போதும். எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் சுழலுகிற ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டுச் சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க் போட வேண்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டுக்கும் என் கையில் இருந்தது பத்தவில்லை.

"பழைய டிஸ்க்க எங்கிட்டயே குடுத்துடுங்க, கழிச்சுக்கிறேன். ஆனா அதுல இருக்கிறதெல்லாம் முதல்ல பென் டிரைவுக்கு மாத்தணும். மாத்தினத திறந்து பாக்கணும். கேக்குதா அண்ணே? திறந்து பாக்கணும்."

"கேக்குது, கேக்குது."

மே 16, வெள்ளி

தொழுகை முடிந்து வந்து வேலையை ஆரம்பித்தேன். மின்கம்பியைப் பிடுங்கினேன், வசீலா சொன்னபடி உடம்பு மின்சாரம் இறங்க இரும்பைத் தொட்டுக்கொண்டேன். பிறகு என் ராஜ்ஜியம்! பின்கழுத்து தட்டும் பிரஷ், காது ஓரம் வெட்டும் சின்னக் கத்தரி, குளிர்காற்றில் ஹேர் டிரையர். விசிறியின் ஒவ்வொரு இறக்கையையும் மாப்பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்தேன். கீழே விழுந்ததைப் பெருக்கினால் ஒரு கைப்பிடி.

யமீனா எட்டிப் பார்த்தாள். "சவரமும் உண்டா?"

"வாசனைத் தண்ணி மட்டும்தான் பாக்கி."

மாட்டிப் போட்டதும் சத்தமே இல்லை. முன்பு மாவு மில் மாதிரி உறுமும். உடனே பதிவுகளை பென் டிரைவுக்கு மாற்றினேன். ஒரே நொடியில் முடிந்துவிட்டது! தூசி தட்டியதற்கே இந்த வேகமா? நான் தொழிலை மாற்றிக்கொள்ளலாம்.

மே 18, ஞாயிறு

இருபத்திரண்டு நொடி!! சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன்.

இன்று என் கடைக்கு விடுமுறை. வசீலா ரேமைப் போட்டு, எஸ்எஸ்டியை மாட்டி, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தாள். பழைய டிஸ்க்கை அவளிடம் விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் பொத்தானை அழுத்தினேன். யமீனா பழக்கதோஷத்தில் சமையலறைக்கு நடந்தாள். நாலு அடி வைப்பதற்குள், "வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"பொய்."

"வந்து பாரு!"

வந்து பார்த்தாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். ஆறு தடவை அணைத்துப் போட்டோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. ஏழாவது தடவை என் வழுக்கையில் பட்டென்று ஒரு முத்தம். "எம்புருஷன் என்ஜினியர்!" என்று சன்னல் வழியாகத் தெருவுக்கே அறிவித்தாள். கீழே யாரோ கை தட்டினார்கள்.

இரவு கடலைமாவில் சுட்ட கரந்திகா வாங்கி வந்தேன். ரொட்டிக்குள் வைத்து, நின்றுகொண்டே தின்றோம். சிரித்ததில் பாதி தரையில்.

மே 20, செவ்வாய்

போச்சு.

பதிவுகளை எடுக்க பென் டிரைவைப் போட்டாள். அறுபது பெயரும் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. "மொக்தார், எல்லாத்து மூலையிலயும் ஒரு அம்புக்குறி இருக்கே, அது என்ன?"

எனக்கு என்ன தெரியும்? அது வெறும் குறுக்குவழியாம். கதவு எங்கே இருக்கிறது என்று காட்டும் பலகை. நான் வீட்டை விட்டுவிட்டுப் பலகையைத் தூக்கி வந்திருக்கிறேன். அதுதான் ஒரு நொடி. ஐயோ, மரமண்டை! திறந்து பாரு, திறந்து பாருன்னு அந்தப் பொண்ணு எத்தனை தடவ சொல்லுச்சு!

எழுதியதற்கு அவள் பேராசிரியரிடம் ஒரு பிரதி இருக்கிறது. குரல்கள்தான் போயின. குரல்கள் இல்லாமல் அந்த ஆய்வு என்ன ஆய்வு?

திட்டினால்கூடப் பரவாயில்லை. துணி மடிக்கிறாள். மடித்ததையே மறுபடி மடிக்கிறாள்.

மே 21, புதன்

சந்தை திறக்கும் முன்பே நான் வாசலில்.

வசீலா தலையில் கை வைத்தாள். டிஸ்க்கை முந்தாநாளே விற்றுவிட்டாள், கோழிக்கடை ஜெலூலுக்கு. அவன் கடையில் திருட்டைக் கண்காணிக்கும் கேமராவுக்கு. இரண்டு நாளாக என் பெண்டாட்டியின் மீனவர்கள்மேல் கோழிகள் பதிவாகிக்கொண்டிருக்கின்றன.

ஓடினோம். அவளும் கடையைச் சாத்திவிட்டு வந்தாள், அதை நான் மறக்க மாட்டேன்.

ஜெலூல் இறகு ஒட்டிய கையோடு கேட்டான்: "ஏன் தரணும்? காசு குடுத்து வாங்கினேன்."

"வேற டிஸ்க் நான் தரேன், இதவிடப் பெருசு" என்றாள் வசீலா.

"அப்ப எனக்கு என்ன லாபம்?"

"வருஷம் பூரா சவரம்" என்றேன் நான். "இலவசமா."

தாடையைத் தடவிப் பார்த்தான். "மீசைக்குச் சாயமும்."

"சாயமும்."

மாலை வரை வசீலா தோண்டினாள். முப்பத்தேழு பதிவு திரும்பி வந்தது. மிச்சம் இருபத்துமூன்றும் கோழி. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காதாம்.

மே 22, வியாழன்

மீட்டெடுத்ததை யமீனா ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடுவே ஒரு படமும் சேர்ந்து வந்திருந்தது. கோழிக்கடை. ஒரு சேவல் நேராகக் கேமராவுக்கு வந்து, கழுத்தைச் சாய்த்து, எங்களையே பார்த்தது. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன்.

சிரிப்பு! "இவரு எந்தத் துறைமுகம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தாள். மூன்று நாளாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது.

அப்புறம் முகம் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இருபத்துமூணு பேர நான் மறுபடி எங்க பிடிப்பேன்? பெருநாள் நேரம். ஒருத்தனும் நின்னு பேச மாட்டான்."

பெருநாள் நேரம். பெருநாள்னா எல்லா ஆம்பளைக்கும் எது வேணும்?

"யமீனா, நிக்க வேண்டாம். உக்காந்து பேசட்டும்."

ஜூன் 1, ஞாயிறு

வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துவிட்டது. ஆனால் எழுதாமல் தூங்க முடியாது!

மடக்கு நாற்காலி, வெள்ளைத் துணி, கண்ணாடி. காலை ஏழு மணிக்குத் துறைமுகத்தில் வலைகளுக்கு நடுவே கடை போட்டேன். "பெருநாள் முடிவெட்டு, இலவசம்! மீன் பேரு சொன்னா போதும்!" முதல் பத்து நிமிஷம் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கதூர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வருஷமாகக் கடலில் இருப்பவர். யமீனா பதிவுக் கருவியை அவர் மடியில் வைத்தாள்.

போன தடவை கதூர் அவளுக்கு ஆறு பெயர் சொன்னாராம், கைகட்டி, மரியாதையாக. இன்று கழுத்தில் துணியைச் சுற்றியதும் மனிதர் வேறு ஆள். அவளை மறந்துவிட்டு என்னோடு பேச ஆரம்பித்தார். இரையை மட்டும் தின்றுவிட்டுத் தூண்டிலில் மாட்டாமல் போகிற மீனுக்கு "சுங்க அதிகாரி"யாம். வாய் மூடவே தெரியாத ஒன்றுக்கு "மச்சினி". இன்னும் இரண்டு சொன்னார், அவற்றை நான் இங்கேகூட எழுத மாட்டேன்.

"இதெல்லாம் போன தடவ ஏன் சொல்லல?" என்றாள் யமீனா.

கதூர் காது சிவந்தது. "டீச்சரம்மாகிட்ட எப்படிம்மா சொல்றது? இது முடிவெட்டறவர்கிட்ட சொல்றதுல்ல?"

வரிசை நீண்டது. வரிசையில் நின்றவர்கள் உட்கார்ந்தவரைத் திருத்தினார்கள். "அது எங்கப்பன் காலத்துப் பேரு, இப்ப யாரு சொல்றா?" என்று ஒரே சண்டை. யமீனா கருவியைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினாள், தலைத்துண்டு நழுவி, முகமெல்லாம் வெயில். இருபது வயதில் பார்த்தவளேதான்.

பதினான்கு தலை. ஒரு கூடை மத்தி மீன்.

ஜூன் 3, செவ்வாய்

மறுபடி துறைமுகம். யமீனா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டாள். பெருநாள் வாரத்தில் சலூனைச் சாத்தியதற்கு வாடிக்கையாளர்கள் என்னைத் திட்டுகிறார்களாம். திட்டட்டும். இன்று பன்னிரண்டு. தேவைக்கு மேலேயே மூன்று.

ஜூன் 6, வெள்ளி

பெருநாள். துறைமுகப் பக்கம் தொழுகையில் எனக்கு முன்னால் இரண்டு வரிசை முழுக்க என் பின்கழுத்துகள். ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல். அல்லா மன்னிப்பான்.

ஜூன் 15, ஞாயிறு

கொடுத்துவிட்டாள். இருபத்தாறு புதிய பதிவுகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தாள். பெட்டி ஒரு முறைகூடத் திணறவில்லை. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுத்தேன். மூன்றையும் திறந்து பார்த்தேன். வசீலாவிடமும் போய்க் காட்டினேன். "அண்ணே, நம்புறேன், போங்க" என்று துரத்திவிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

வாய்மொழித் தேர்வு. வசீலா வந்தாள், கதூர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார், ஜெலூல் சாயமிட்ட மீசையோடு வந்தான். ஏன் வந்தான் என்று தெரியவில்லை.

நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பிந்தைய பதிவுகள் எல்லாவற்றிலும் 'நறுக் நறுக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே. கருவியில் கோளாறா?"

யமீனா திரும்பி என்னைப் பார்த்தாள். "இல்லீங்க ஐயா. அது என் கணவர்."

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக இந்தக் கரையில் பெயர் சேகரிக்கிறாராம். இதில் பாதியை அவரிடம் யாரும் சொன்னதே இல்லையாம். "நான் இவரைப்போலப் பின்னால் கத்தரியோடு நின்று கேட்கவில்லை, முன்னால் நின்று கேட்டேன்" என்றார்.

இருபது மதிப்பெண்ணுக்குப் பதினேழு. முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்யச் சொல்கிறார். கிழக்கே இன்னும் ஏழு துறைமுகம் பாக்கியாம்.

ஜூலை 13, ஞாயிறு

தெனெஸ் துறைமுகத்துக்கு முதல் பஸ். அவள் கருவியைப் பைக்குள் வைத்தாள். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், வழியனுப்பப் போகலாம் என்று. மடக்கு நாற்காலியை எடுத்து வந்து வாசலில் சாய்த்து வைத்தாள்.

"கத்தரிக்கு எண்ணெய் போட்டியா?" என்றாள்.