பாதி வாய் திறந்த சிப்பி

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வயிற்றெரிச்சலுமாக, மச்சான் அமலனுக்கு,

நீ அங்கே சுகமாகத்தான் இருப்பாய். இங்கே உன் தங்கச்சி ஜெனோவா என்னைச் சுகமாக இருக்க விடுவதில்லை. எதற்கெடுத்தாலும் "எங்க அண்ணன்னா..." என்றுதான் ஆரம்பிக்கிறாள். உயிரோடு இருந்தால் உன்னோடு சண்டையாவது போடுவேன். செத்தவனோடு எப்படிப் போட்டி போடுவது, சொல்?

வள்ளக்காரர்களுக்காக நீ நடத்திய மீன் விலை இணையதளம் இப்போது என் கையில். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, எந்தக் கரையில் எந்த மீன் என்ன விலை, அவ்வளவுதான். ரேஷன் கடைப் பலகைகூட அதைவிட அலங்காரமாக இருக்கும். அதை வேறொரு முகவரிக்கு ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் புதிதாகச் செய்தேன். அலை புரளும், கடற்காகம் கத்தும், சிப்பி மெல்ல வாய் திறக்கும், முத்து உருளும், அப்புறம் விலை வரும். என் ஏசி அறையில், ஃபைபர் இணைப்பில், வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜெனோவாவே "நல்லாத்தான் இருக்கு" என்றாள். உன்னை ஜெயித்த சந்தோஷத்தில் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வள்ளம் ஓட்டும் ரூபனிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, ஒம்ம சிப்பி பாதி வாயத் தொறந்துட்டு அப்படியே நிக்கி. முத்தும் வரல, வெலையும் வரல. குத்துமதிப்பா மணப்பாட்டுக் கரைக்கு வள்ளத்த விட்டேன். இங்க கணவாய் மீனக் கேக்க நாதியில்ல."

"கொஞ்சம் பொறுத்திருந்தா தொறந்திருக்குமேடே?"

"நான் பொறுப்பேன், கணவாய் பொறுக்குமா? அமலண்ணன் போட்டதையே திரும்பப் போடும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

அடுத்த நாள் அவன் வள்ளத்திலேயே போனேன். வழியெல்லாம் வாந்தி. சிக்னல் ஒற்றைக் கோடாகத் தவிக்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்தினான். "அமலண்ணன் எதையும் இங்கன வந்து தொறந்து பாத்துட்டுத்தான் போடுவாரு."

என் தளத்தைத் தட்டினேன். சுற்றியது, சுற்றியது. மேலே நிஜக் கடற்காகம் சும்மாவே கத்திக்கொண்டிருந்தது. நானோ அதன் குரலை அந்த ஒற்றைக் கோட்டில் இழுத்துவரப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உன்னுடையதை ஒதுக்கிவைத்த முகவரியைத் தட்டினேன். பெருவிரலை எடுக்குமுன் வந்து நின்றது, நீ கடைசியாகப் போட்ட விலையோடு. கண் கலங்கிவிட்டது. துக்கமா, பொறாமையா? ரூபன் வாந்தி என்று நினைத்துக்கொண்டான்.

இதை ஏன் என்னிடம் நீ சொல்லவில்லை, மச்சான்? சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா?

உன்னுடையதையே திரும்பப் போட்டுவிட்டேன். விலை மட்டும் இன்றையது. ரூபனுக்குத் திருப்தி. ஜெனோவாவுக்குப் பெருமை, உன்னைப் பற்றித்தான். இனி எதைச் சேர்த்தாலும், குடல் வெளியே வந்தாலும் சரி, அந்த இடத்தில் திறந்து பார்க்காமல் போடமாட்டேன். சத்தியம்.

ஒன்றே ஒன்று சேர்த்திருக்கிறேன். அடியில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர், கொஞ்சம் பெரிய எழுத்தில். கடலில் போய்த் திறந்தும் பார்த்துவிட்டேன். உன் வேகம் துளியும் குறையவில்லை.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டியதால் உன்னோடும் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை,
அந்தோணி