வாசல் விளக்கு வேண்டாம்

சரவாக், மலேசியா

அன்புள்ள நைனாவுக்கு, அருணா வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முட்டிவலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

போனில் சார்ஜ் இல்லாததால் கையால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். இந்தப் பழங்குடி ஊரின் ஓடையில் கரண்ட் எடுக்க நாங்கள் வைத்த டர்பைன் ஓடாமல் நின்றிருக்கிறது. இந்தக் கரண்டை எடுக்கிறவர்கள் ஓடைக்கு மேலே உள்ள காட்டில் கோடாலி வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. எங்கள் சூப்பர்வைசர், மீஞ்சூர்க்காரர் வசந்தகுமார், அதே காட்டை வெட்ட வந்த மரக் கம்பெனியின் கொட்டகைக்கு லைன் இழுக்கச் சொன்னார். "இன்னா அருணா, ரெண்டு ஒயரு இழுத்துக் குட்துட்டு போய்க்கினே இரு" என்றார். ஸ்பேனரை எறிந்தேன். அவர் மேல் படவில்லை, அது ஒன்றுதான் குறை. ஊர்ப் பெண்கள் என்னைவிடக் கோபக்காரர்கள். மரக் கம்பெனிக்காரன் போகிறவரை எங்களுக்கும் வெளிச்சம் வேண்டாம் என்று டர்பைனுக்குத் தண்ணீர் விடும் மதகையே அடைத்துவிட்டார்கள்.

சார்ஜ் தீர்வதற்கு முன் தம்பி பரத் பேசினான். நம் வாசலில் விளக்குக் கம்பம் நட்டுத் தருகிறேன் என்ற தொழிற்சாலைக்காரனுக்கு, லாரி போக நம் கழனிப் பனைகளை வெட்டச் சம்மதித்தீர்களாமே. அதைக் கேட்டதிலிருந்து இந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது.

ஒரு டார்ச் லைட்டும் எலுமிச்சை ஊறுகாயும் அனுப்புங்கள். அம்மாவின் பழைய புடவை ஒன்றும் வேண்டும். துவைக்க வேண்டாம்.

கடிதத்தை எடுத்துப் போகும் படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். அந்தக் கம்பத்தில் விளக்கு எரிந்தால், நான் ஊருக்கு வரும்போது பின்வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.

உங்கள் மகள்
அருணா