முந்தலில் போட்ட ஸ்வெட்டர்

என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. எழுதும்போது மட்டும் எப்படி வரும்? இந்த ஒரு சொல்லுக்கு, வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் அதுவே இருக்கட்டும்.

கடலைப் பார்த்துவிட்டேன். "காயெடுப்பு முடியட்டும், கொச்சிக்குப் போவோம்" என்று வருஷா வருஷம் சொல்வீர்கள். நம் ஜீப்பு போடிமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்தோடு நின்றுவிடும். இந்த முறை முரளி கூட்டிப்போனான். நான் குளியலறையில் விழுந்ததிலிருந்து, "இனிமே போடில தனியா இருக்க வேணாம்மா, எங்ககூடவே கொச்சிக்கு வந்துருங்க" என்கிறான் உங்கள் மகன். ஊர் எனக்குப் பிடித்துப்போக வேண்டுமென்றுதான் சுற்றிக் காட்டினான்.

மலையடிவாரத்தில், முந்தலில் காரை நிறுத்தச் சொல்லி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். நம் பழக்கம் அதுதானே. "கான்வென்ட்டு, மாட்டிக்க. மேல போயி நடுங்கிக்கிட்டு எம்மேல பழி போடாத" என்பீர்கள். நான் படித்த பள்ளியையே எனக்குப் பெயராக்கியவர் நீங்கள்.

மலைமேல் நம் தோட்டம்தான் நான் பார்த்த கேரளம்; கேரளம் என்றாலே எனக்குக் குளிர்தான். பெட்டி நிறையக் கம்பளியும் குல்லாவும் எடுத்துப் போயிருந்தேன். கொச்சியில் இறங்கினால் வியர்வை ஊற்றுகிறது. மருமகள் சுதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அத்தே, இது மூணாறு இல்ல. மெல்லிசா ஒரு சேலகூடவா கொண்டாரல?" என்றாள். அவள் சேலையைத்தான் கட்டிக்கொண்டேன். மடிப்பு நிற்காத சேலை.

ஃபோர்ட் கொச்சியில் சீன மீன்வலைகளைப் பார்த்தோம். ஆட்கள் கயிற்றை இழுக்க, ஒரு பந்தலே தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறது; உள்ளே ஒரு கைப்பிடி மீன். நீங்கள் இருந்திருந்தால் தோட்டத்து மலையாளத்தில் அவர்களோடு பேச உட்கார்ந்திருப்பீர்கள். காயலில் படகில் போனோம். சாயங்காலம் செராய் கடற்கரை. சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"கையப் பிடிச்சுக்கங்கம்மா" என்றான் முரளி. வேண்டாமென்று தனியாக இறங்கினேன். கடல் காலடி மண்ணை உருவிக்கொண்டு போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரே அலை, உட்கார்ந்துவிட்டேன். எழ முயன்றேன், முடியவில்லை. முரளி ஒரு பக்கமும் முன்பின் தெரியாத ஒருவர் மறுபக்கமுமாகத் தூக்கி நிறுத்தினார்கள். கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். முரளி என் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான். இனி நான் தனியாக இருக்க முடியாதென்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

போடிக்குத் திரும்பி வந்ததும், நம் தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டும் கருப்பையா விசாரிக்க வந்தார்.

"ஆத்தா, அங்கிட்டு மலையே கெடையாதாமே. காலைல எந்திரிச்சு எதப் பாப்பீக?"

"கடல்" என்றேன்.

"அது ஆடிக்கிட்டே கெடக்குமே ஆத்தா."

ஆடாத கடல் எங்கேயாவது உண்டா? உங்களுக்காவது தெரியுமா?

கொச்சிக்கே வந்துவிடுகிறேன் என்று முரளியிடம் சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய, சொல்லுங்கள். இந்த உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

ஒன்று மட்டும் செய்வேன். போகிற அன்றும் முந்தலில் நிறுத்தச் சொல்வேன். நீங்கள் சொன்னபடி ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வேன். கடல் கண்ணில் படும் வரை கழற்ற மாட்டேன். வியர்க்கட்டும். சுதா சிரிக்கட்டும்.

உங்கள் மனைவி,
கான்வென்ட்டு