இரண்டாம் பாகம் வருகிறதாம்

அட்டை அடிக்கும் மிஷினோடு இணைத்த பழைய கம்ப்யூட்டரில் ஃபிளாப்பியைத் தள்ளினால் 'கர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? தொண்டையில் முள் சிக்கிய பூனை என்பாய் நீ. ஏழு வருடமாக அந்தச் சத்தத்தைத் தினமும் தனியாகக் கேட்கிறேன். டிசைன் ஃபிளாப்பிகளை உள்ளே தள்ளுவதும் வெளியே எடுப்பதும்தானே என் பிழைப்பு. ஆனால் நேற்று மத்தியானம் கேட்டது வேறு. உள்ளே போனது டிசைன் இல்லை, உன்னுடைய நீல ஃபிளாப்பி.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. இரண்டாம் பாகம் வருகிறதாம். நீயும் நானும் சாப்பாட்டு நேரத்தில் ஒளிந்து ஒளிந்து விளையாடினோமே, மூடுபனி ஊர் ஊராக விழுங்கிக்கொண்டே வரும் அந்தக் கம்ப்யூட்டர் கதை, அதற்குத்தான். ரசிகர்கள் கூடிப் பேசும் அந்த இணையப் பக்கத்தை நான் இன்னும் அவ்வப்போது எட்டிப் பார்ப்பதுண்டு. போன வாரம் பார்த்தால் அங்கே திருவிழாக் கூட்டம். இத்தனை வருடம் புலம்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குதிக்கவில்லை. அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி இருந்தது. முதல் பாகத்தைக் கடைசிவரை முடித்தவர்கள், தாங்கள் சேமித்து வைத்த ஆட்டத்தைக் கொடுத்தால், அதே ஆட்களோடு அங்கிருந்தே தொடரலாமாம். முடிக்காதவர்கள் புதிதாகத்தான் தொடங்க வேண்டுமாம்.

நாம்தான் முடிக்கவே இல்லையே.

உனக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில், மாடியில், பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டு, தறியில் மாட்டும் துளை அட்டை அடித்துக் கொடுக்கும் கடை. கம்ப்யூட்டர் முன்னால் உனக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. நீ தறிக்காரர் வீட்டுப் பெண். நான் ஏரிக்கரை ஊரான தாமலிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். வேலைக்குச் சேர்ந்த அன்று எதையும் தொடப் பயந்து நின்ற என்னைப் பார்த்து, "இன்னாடி, கடிச்சிருமா அது? அவ்ளோ பெரிய ஏரியப் பாத்துக்கினு வளந்தவ, இத்துனூண்டு மிஷினுக்குப் பயப்படுறியே" என்றாய். அன்றோடு நமக்குள் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. பயம் என் பங்கு, தைரியம் உன் பங்கு. "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்பது எந்நேரமும் உன் வாயில் இருக்கும்.

அந்த ஆட்டம், சென்னையில் இருந்த உன் பெரியம்மா மகன் கொடுத்த சிடி. அதில் நாம் நடத்திப் போகும் இரண்டு பேரில் வில்லுக்காரிக்கு உன் பெயரை வைத்தாய், வைத்தியக்காரிக்கு என் பெயரை. எதிரில் வரும் ஒவ்வொருவரிடமும் நின்று பேச வேண்டும். நாம் சொல்லும் பதிலைப் பொறுத்துக் கதை திரும்பும். படகுக்காரனிடம் ஒருமுறை பொய் சொல்லிவிட்டு, மூன்று ஊர் தாண்டிய பிறகு அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டோமே! புரியாத இங்கிலீஷுக்கு அகராதி பார்ப்பது நான், சண்டை போடுவது நீ. மூடுபனி வருவதற்கு முன்னால் ஒரு முனகல் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் தொடையில் கிள்ளுவாய்.

அதைவிடப் பெரிய பயம் முதலாளி அண்ணன். படியேறும்போதே அவர் செருமுவார். நீ ஒரு தட்டுத் தட்டினால் ஆட்டம் மறைந்து திரையில் புடவைக்கான மாங்காய் புட்டா வந்துவிடும். ஒரே ஒரு நாள் தட்டத் தவறினாய். திரை முழுக்க வாயைப் பிளந்த ஓநாய். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா இது?" என்றார். நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தேன். நீ அசராமல், "யாளி அண்ணா, புது டிசைன்" என்றாய். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முந்தானைக்கு நல்லாத்தான் இருக்குது. வாய மட்டும் கொஞ்சம் சின்னதாக்கு, கல்யாணப் பொண்ணு பயந்துக்கும்" என்று இறங்கிப் போனார். அன்று நீ சிரித்த சிரிப்பில் உனக்கு மூச்சு வாங்கியது. நெடுநேரம் வாங்கியது. சிரிப்பினால் என்று நினைத்தேன்.

கதையின் கடைசியில் ஒரு கதவு. இரும்புச் சங்கிலியை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அது திறந்திருக்கும். மற்றவர் அந்தப் பக்கம் போன பிறகு பிடித்தவரைப் பனி மூடிவிடும். யார் போவது, யார் பிடிப்பது என்று கேட்டது கம்ப்யூட்டர். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் புடிச்சிக்கினு நிக்கிறேன், நீ போடி. உன்னை மாதிரி பயந்தாங்கொள்ளி நின்னா சங்கிலிய உட்டுடுவ" என்றாய். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஆனால் உள்ளுக்குள் 'அப்பாடா' என்று இருந்தது. விளையாட்டுதான், நிஜம் இல்லைதான். ஆனாலும் அந்த 'அப்பாடா'வை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் சம்மதிக்காததால் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். தறிக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குத்தான் அந்த யோசனை வரும். புடவை முடிந்ததும் பாவு நூலை மொத்தமாக அறுத்துவிட மாட்டார்கள், நீளவாட்டு இழைகளில் கொஞ்சம் வாலைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் ஒவ்வொரு பழைய இழையோடும் ஒரு புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். உன் அம்மா நாள் முழுக்கச் செய்யும் வேலை அதுதானே. "வாலு இல்லன்னா எதுலடி பிணைக்கிறது? இதை முடிச்சிட்டா அறுத்த மாதிரி. இப்படியே உட்டு வெச்சா ரெண்டாம் பாகம் வரும்போது ஒட்டிக்கினு போயிரலாம்" என்றாய். எனக்கும் அது முழு நியாயமாகப் பட்டது. கதவுக்கு முன்னால் இரண்டு பேரையும் நிறுத்தி, சேமித்து வைத்தோம். உலகத்தில் மற்றவர்கள் எல்லாரும் கதையை முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். நாம் மட்டும் முடிக்காமல் காத்திருந்தோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த ரசிகர் பக்கத்தில் நீ எழுதிய கடிதம் எனக்கு இன்னும் மனப்பாடம். அதில் இருந்த இங்கிலீஷ் பாதி என்னுடையது. 'ஐயா, நாங்கள் பட்டுப்புடவை ஊரிலிருந்து இரண்டு பேர். தயவுசெய்து இரண்டாம் பாகத்தைச் சீக்கிரம் வெளியிடவும். எனக்கு அவசரம்.' அவசரமா, இது என்ன ரேஷன் கார்டா என்று நான் சிரித்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன், எல்லோருக்கும் அவசரம்தான், வரிசையில் வா என்று பதில் போட்டிருந்தான். நீ சிரிக்கவில்லை.

அடுத்த வாரம்தான் சொன்னாய். சின்ன வயதுக் காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருக்கிறதாம், சென்னையில் ஆபரேஷனாம், கருட சேவை முடிந்ததும் தேதி கொடுத்திருக்கிறார்களாம். கடைக்குப் பால் வரவில்லை என்பது போலச் சொன்னாய். எனக்குக் காதுக்குள் அந்த மூடுபனி முனகல் கேட்டது. அன்றிலிருந்து நீ படியேறும்போதெல்லாம் உன் மூச்சை எண்ணத் தொடங்கினேன். பஸ்ஸில், வீட்டில், சோற்றில் கை வைத்தபோது, எங்கும் பயம். நீயோ வழக்கம்போலக் கால் மேல் கால் போட்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாய். "ஏண்டி, ரெண்டாம் பாகம் வருமா?"

"வரும்பா. அறிவிச்சிட்டாங்க. நேத்துதான் நெட்ல பாத்தேன்" என்றேன். பச்சைப் பொய்.

"எப்போ?"

"அடுத்த தை மாசம்."

என்னையே பார்த்தாய். "வெள்ளைக்காரனுக்கு இன்னாடி தை மாசம்?"

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாய். சில்லென்று இருந்தது. பயத்தில் என் கைதான் அப்படிச் சில்லிட்டுவிட்டது என்று நினைத்தேன். ஏழு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் வந்தபோது நீ சென்னை பஸ் ஏறிவிட்டிருந்தாய். காலையில் கடையைத் திறக்கும் சாவி உன்னிடம்தானே இருக்கும், அதைக் கொடுக்க வந்துவிட்டுப் போனதாக முதலாளி அண்ணன் சொன்னார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று போன் வந்தது. கடைக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். நான்காவது நாள் காய்ச்சல் வந்தது, ஆறாவது நாள் நீ இல்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்துப் புது மென்பொருள் போட ஆள் வந்தபோது, நம் ஆட்டம் இருந்த கோப்புகளை மட்டும் அவசரமாக உன் நீல ஃபிளாப்பியில் நகல் எடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

இப்போது பார்த்தால் அறிவிப்பு. முடித்தவர்கள்தான் தொடரலாமாம். வால் விட்டுவைத்த நம் யோசனை தறிக்குச் சரி, கம்ப்யூட்டருக்குத் தப்பு. உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமானால் நானே உட்கார்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உன்னைக் கதவில் நிறுத்திவிட்டு நான் போவதா? இன்னொரு முறையா? இல்லை, நான் நின்று உன்னைத் தனியாக அனுப்புவதா? ஒரு வாரம் தூங்கவில்லை. ஃபிளாப்பி செத்துப்போயிருக்கும், பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு பக்கம் ஆசை. ஐயோ, செத்துப்போயிருந்தால் என்று மறுபக்கம் நடுக்கம்.

நேற்று முதல் தடவை படிக்க முடியவில்லை என்றது. வெளியே எடுத்து முந்தானையால் துடைத்தேன். இரண்டாம் தடவையும் முடியவில்லை. மூன்றாம் தடவை உன் பூனை வெகுநேரம் கரகரத்தது, பிறகு திறந்தது. உன் கையெழுத்துப் போட்ட அந்தச் சிடியிலிருந்து ஆட்டத்தை ஏற்றி, சேமித்து வைத்த பட்டியலைப் பார்த்தேன். நாம் கதவுக்கு முன்னால் சேமித்தது இருந்தது. அதற்கு மேல் இன்னொன்று இருந்தது. நான் அறியாதது. தேதி, நீ சென்னைக்குக் கிளம்பிய நாள். நேரம், காலை ஆறே முக்கால்.

அதற்குப் பெயர் எழுதும் கட்டத்தில், நாம் எப்போதும் செய்வதுபோல, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'பயமா இருக்குதுடி. நான் தாண்டிட்டேன். கோச்சிக்காத.'

திறந்தேன். கதவு மூடியிருந்தது. அந்தப் பக்கம், வெயிலில், வில்லோடு நீ நின்றுகொண்டிருந்தாய். தனியாக. சங்கிலியைப் பிடித்தது நான்.

அட்டை அடிக்கும் மிஷின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். முதலாளி அண்ணன் செருமிக்கொண்டே படியேறி வந்து, என்னையும் திரையையும் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார். கோபமா என்று கேட்கிறாயா? பைத்தியமே, சாவியைக் கொடுக்க வந்த இடத்தில், விடிந்தும் விடியாமலும், தனியாக உட்கார்ந்து எவ்வளவு பயந்திருப்பாய் நீ! அந்தச் சில்லிட்ட கை உன்னுடையதுதான். உன் மூச்சை எண்ணத் தெரிந்த எனக்கு அது தெரியாமல் போனதே, அதுதான் பொறுக்கவில்லை. தைரியம் உன் பங்கு என்று யார் எழுதி வைத்தது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கூட உட்கார்ந்து பயந்திருப்பேனே. அதில் என்னைவிடக் கெட்டிக்காரி யார்?

ஆக, நாம் முடித்துவிட்டோம். நீ சேமித்ததைக் கொடுத்தால் இரண்டாம் பாகம் உன்னை ஏற்றுக்கொள்ளும். அதை நினைத்தால்தான் இப்போது புதிதாக உதறுகிறது. ஏழு வருடமாக நீ அங்கே வெயிலில் பத்திரமாக நின்றுகொண்டிருக்கிறாய். அம்பும் பனியும் ஓநாயும் இருக்கும் இடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போய், அங்கே உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வர வேண்டும், வர வேண்டும் என்று காத்திருந்தவள், வராமலே போகட்டும் என்று நேற்று வரதரிடம் வேண்டிக்கொண்டேன். சிரிக்காதே.

ஆனால் உனக்கு அவசரம் என்று எழுதியிருந்தாய். வரிசையில் வா என்றார்கள், நீயும் வந்து நின்றாய். அது வரட்டும். உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டாவது உன்னோடு வருவேன். தை மாதமே வெளியிட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

எனக்கு இன்னும் எல்லாவற்றுக்கும் பயம்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். பயந்தாங்கொள்ளி நின்றால் விட்டுவிடுவாள் என்றாயே, ஏழு வருடமாகச் சங்கிலி என் கையில்தான் இருக்கிறது. விடவில்லை, போ.