ஊஞ்சல் மரத்துக்கு அடியில்

கோபக்காரிக்கு,

ஊர்க் கூட்டத்துல நீ எழுந்து, "காட்டுக்கு அடியில பாறையை உடைச்சு கேஸ் எடுக்காதீங்க, எம்பொண்ணு விளையாடின இடம்"னு அழுதப்போ, கம்பெனிச் சட்டையோட எதிர் வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில கரண்ட் போய் நம்ம பொண்ணோட மூச்சு மெஷின் நின்னப்போ நீயும்தானே பக்கத்துல இருந்தே? இந்த கேஸ் வந்தா கரண்ட் நிக்காது, இன்னொரு பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இந்த வேலையில கிடக்கேன்.

இன்னிக்குத் துளை, நாம அவளைப் புதைச்ச ஊஞ்சல் மரத்துக்கு நேர் கீழே வந்துச்சு. திரையில வெறும் புள்ளிதான். அந்த ஆழத்துல துளைச்சா மேலே ஒரு இலைகூட அசையாது, தெரியும். ஆனாலும் மெஷினை நிறுத்திட்டேன்.

"என்னய்யா பழுது?"ன்னு மேலதிகாரி கத்தினார். ஒண்ணுமில்லைன்னேன்.

சத்தத்துல அவ முழிச்சுடப் போறாளேன்னு பயந்துட்டேன்னு உன்னைத் தவிர யார்கிட்டடி சொல்லுவேன்?

இப்பவும்,
உன் வீட்டுக்காரன்