கதை ரயிலில் முத்துலட்சுமி

அம்பாசமுத்திரம்
8-12-46

அன்புத் தங்கை பங்கஜத்துக்கு இசக்கியம்மாள் எழுதுவது. இங்கே நானும் பசுவும் சுகம். அடைமழையில் கொல்லைச் சுவர் சரிந்ததைத் தவிர வேறு குறை இல்லை.

உன் வீட்டுக்காரர் மாதம் ஒரு கார்டு போடுகிறார். அதில் பாதிக்கு மேல் அவர் ஜவுளிக்கடைக்கு வராத ரேஷன் கண்ட்ரோல் துணியைப் பற்றித்தான். கடைசியில் ‘முத்துலட்சுமி சுகம்’ என்று இரண்டு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சாப்பிடுகிறாளா, தலை பின்ன உட்காருகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. நீயாவது எழுதக் கூடாதா?

என் தங்கை வேலம்மா கண்ணை மூடிய நாள் முதல் உங்கள் கல்யாணம் வரை இந்தப் பிள்ளையை வளர்த்தவள் நான். அப்பா வீடுதான் அவளுக்கு வீடு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சரி என்று ரயில் ஏற்றிவிட்டேன். அன்றைக்கு ஸ்டேஷனில் உன்னிடம் சொன்னது நினைவிருக்கும். “பிள்ளை ஒட்டாமப் போனா, தை பிறந்ததும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்.” நீ தலையாட்டினாய். உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. வேலம்மா இடத்துக்கு வந்தவள், நீயும் எனக்குத் தங்கைதான். ஆனால் பிள்ளை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுது.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அக்கா
இசக்கியம்மாள்


தியாகராய நகர், சென்னை
30-12-46

அன்புள்ள அக்கா அவர்களுக்குப் பங்கஜம் வணக்கத்துடன் எழுதியது. உடனே பதில் போடாததற்கு மன்னியுங்கள். எழுதிக் கிழித்து, திரும்ப எழுதிக் கிழித்தேன்.

முத்து சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். தலை பின்ன உட்காருகிறாள். எது சொன்னாலும் ‘சரி’ என்கிறாள். அதுதான் அக்கா எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாளில் என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சித்தி’ என்று அவள் அப்பா சொல்லிக்கொடுத்தார். அதற்கும் ‘சரி’ என்றாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் பக்கத்தில் வந்து நின்று, நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பாள்.

இங்கே மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில், மைதானத்தில் ஒரு கார்னிவல் போட்டிருக்கிறார்கள். நேற்று மூன்று பேரும் போவதாக இருந்தது. கடைக்குத் துணிக்கட்டு வந்துவிட்டதால் அவர் நின்றுவிட்டார். நானும் அவளும் மட்டும் போனோம்.

அங்கே ‘கதை ரயில்’ என்று ஒன்று இருக்கிறது. நீளமான தகரக் கொட்டகை. உள்ளே தண்டவாளம் போட்டு, சின்னப் பெட்டிகளைப் பின்னாலிருந்து ஆட்கள் மெல்லத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரப் பொம்மைகள் வைத்து ஒரு ராஜகுமாரியின் கதையைக் காட்டுகிறார்கள். முதலில் அரண்மனை, அப்புறம் ஊஞ்சல், அப்புறம் காடு. காட்டில் ஒரு யானை காதை ஆட்டியது. முத்து எழுந்து நின்று, “ஐ, காது ஆடுது! பாருங்க, காது ஆடுது!” என்று சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் மனசு குளிர்ந்துபோனது.

அடுத்தது ராட்சசன் குகை. விளக்கை அணைத்துவிட்டார்கள். இரண்டு சிவப்புக் கண் மட்டும் தெரிந்தது. தள்ளுகிற ஆள் பின்னாலிருந்து உறுமினார். முத்து அலறினாள். என் மேல் பாய்ந்து, கண்ணாடி வளையல் நொறுங்குகிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியம்மே! பெரியம்மே!” என்று உங்களைக் கூப்பிட்டாள். “நான் இருக்கேன்ல” என்று எத்தனையோ சொன்னேன். காதில் ஏறவில்லை. பிடித்தது என் கையை, கூப்பிட்டது உங்களை.

அந்த ஆள் பாவம், பயந்துபோய் வண்டியை நிறுத்தி லாந்தர் கொண்டுவந்தார். “தோ பாரு பாப்பா, அது வெறும் காயிதம். கஞ்சி போட்டு ஒட்டிக்கீது. உன்னைத் துன்னாது” என்று ராட்சசன் மூக்கைத் தட்டிக் காட்டினார். பிறகு என்னிடம், “இன்னாம்மா இது, அம்மா நீ பக்கத்துல குந்திகினு கீறே, கொயந்த வேற யாரையோ கூப்புடுதே?” என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

வெளியே வந்து முகம் கழுவிவிட்டேன். பனகல் பார்க் வரை நடந்து வந்தோம். அப்புறம் என்ன நினைத்தாளோ, “நாளைக்கும் வருவோமா?” என்றாள். பிள்ளைகள் அப்படித்தானே.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். அவளுக்கு யார் வேண்டும் என்பதை அவள் வாயே சொல்லிவிட்டது. தைக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா. கோபத்தில் எழுதவில்லை. அவள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். அவள் பாவாடை சட்டையெல்லாம் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

தங்கள்
பங்கஜம்


அம்பாசமுத்திரம்
4-1-47

என் தங்கமே பங்கஜம்,

உன் கடிதம் வந்தது. படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். என்னைக் கூப்பிட்டிருக்கிறாளே என்று அழுதேன். அன்றைக்கே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தேன். அடுத்த வீட்டு முத்தையாவிடம் ரயில் நேரம் கூடக் கேட்டுவிட்டேன்.

மறுநாள் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவு வந்தது. வேலம்மா கண்ணை மூடிய வருஷம், முத்துவைக் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திடீரென்று வேட்டு போட்டார்கள். பிள்ளை என் இடுப்பில் இருக்கிறாள், என் கழுத்தை நெரிக்கிற மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறாள், கத்தியதோ “எம்மா! எம்மா!” என்று. செத்துப்போனவளைக் கூப்பிடுகிறாள். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. நீ இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படித்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகும் பல தடவை பயந்திருக்கிறாள். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை பங்கஜம். ஓடிவந்து பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவளை எதற்குக் கூப்பிட வேண்டும்? நான் இப்போது தூரத்துக்குப் போய்விட்டேன். அதனால்தான் என் பெயர் அவள் வாயில் வந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. புரிந்தபின் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்ற இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

தண்ணீருக்குக்கூட வாய் திறக்காதவள் என்று எழுதியிருக்கிறாய். அவள்தானே ‘நாளைக்கும் வருவோமா’ என்று உன்னிடம் கேட்டாள்? நீ அதைப் பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டாய். தள்ளாதே. கார்னிவல்காரன் கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போ. குகையில் அழுதால் அழட்டும். யாரைக் கூப்பிட்டாலும் நீ கையை மட்டும் கொடு. மடித்து வைத்த துணியை எடுத்துப் பிள்ளைக்கு உடுத்திவிடு.

தைக்கு நான் வரவில்லை. உன் வீட்டுக்காரரிடம், பசு கன்று போடப்போகிறது, அக்காவுக்கு நகர முடியாது என்று சொல். சித்திரையில் வருகிறேன். கூட்டிக்கொண்டு போக அல்ல, உங்களைப் பார்க்க. அதற்குள் அவள் என்னைக் கொஞ்சம் மறந்திருப்பாள். வாசலில் என்னைக் கண்டதும் கூச்சப்பட்டு உன் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், “பெரியம்மைட்ட போ” என்று பிடித்து முன்னால் தள்ளாதே.

அங்கேயே நிற்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

இசக்கியம்மாள்