என் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம்

சித்தூர்,
செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள ஜெமிமா அப்பாவுக்கு,

கேசியா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் இதுவரை சுகம். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு யமுனாவின் கணவர் நாளை மஸ்கட் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மாநகராட்சியில் சுற்றுச்சூழல் ஆலோசனைக் கமிட்டி என்று ஒன்று போட்டு, டீச்சர் ஒருத்தி வேண்டுமென்று என்னைச் சேர்த்தபோது, பல்லியைப் பார்த்தாலே கத்துகிறவள் ஊரைத் திருத்தப் போகிறாளா என்று சிரித்தீர்கள். நானும் டீ, பிஸ்கட்டோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இந்த வருஷம் ஊருக்கு எந்த வேலை முதலில் என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம். முதலில் வருவது நடக்கும், மற்றவை ஃபைலில் தூங்கும். நான்கு பேர் ஏரிக்கரையில் பூங்கா என்கிறார்கள். நான்கு பேர், மாம்பழ ஜூஸ் ஃபேக்டரி அந்த ஏரிக்குள் விடுகிற கழிவுநீரை நிறுத்துவதுதான் முதல் வேலை என்கிறார்கள். ஒன்பதாவது ஆள் நான். நாளை காலை ஓட்டு.

மாம்பழ சீசன் வந்தால் ஏரியை ஒட்டிய நம் தெரு போர்வெல் தண்ணீரில் புளித்த வாடை அடிப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் குளித்தாலே ஜெமிமாவுக்குக் கை முழுக்கத் தடிப்பு. சோப்பை மாற்று என்றீர்கள், மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. என் வகுப்பிலும் பாதிப் பிள்ளைகள் சொறிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பூங்காவில் ஆடிவிட்டு வந்தாலும் அதே தண்ணீரில்தானே குளிக்கப் போகிறார்கள்?

இதை நான் மனதோடு வைத்திருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் ஜெபக் குறிப்பு சொன்னார்கள். கிரேஸ் அக்கா மருமகளின் பிரசவத்துக்காகச் சொன்னார், இன்னொருவர் முட்டிவலிக்காக. என் முறை வந்ததும், கழிவுநீரை நிறுத்தச் சொல்லி ஓட்டுப் போட எனக்குத் தைரியம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அங்கே சொன்னது வெளியே போகாது என்று நம்பிய என் புத்தியை என்னவென்று சொல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர், ஃபேக்டரித் தண்ணீரை எதிர்த்து நிற்க எங்கள் சகோதரி கேசியாவுக்குப் பலம் தாரும் என்று மைக்கில் ஜெபித்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணம்தான். ஆனால் சபையில் பாதி வீடுகளுக்கு அந்த ஃபேக்டரியில்தான் சம்பளம். ஆமென் சொன்ன சத்தமே குறைவாக இருந்தது. எனக்குக் கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது.

நேற்று ஸ்கூல் விட்டு வரும்போது ஒரு பைக் நம் தெருமுனை வரைக்கும் மெதுவாகப் பின்னாலேயே வந்தது. ஹாரன் அடிக்கவில்லை, முந்திக்கொண்டு போகவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஜெமிமாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, குடிபாலாவில் என் தம்பி வீட்டில் விட்டு வந்தேன். ஸ்கூலுக்கு லீவு என்று குதித்தாள்.

இன்று மத்தியானம் உங்கள் தம்பி சாம் வந்தான். அவனும் அந்த ஃபேக்டரியில்தானே சூப்பர்வைசர், ஓட்டை மாற்றச் சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்துக் காபி டம்ளரை டங்கென்று வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை.

"வேலை போனா வேற தேடிக்கலாம் அண்ணி. நீங்க எந்த வழியா ஸ்கூலுக்குப் போறீங்கன்னு ஃபேக்டரில ரெண்டு பேர் சும்மா பேசிக்கினே கேட்டாங்க. நானும் யோசிக்காம சொல்லிட்டேன். இப்ப பயமா கீது" என்றான்.

சொல்லிவிட்டு அழுதான். நான் அவனைத் தேற்றி அனுப்பினேன். என்னைத் தேற்றத்தான் ஆளில்லை.

நாளை வேறு தெரு வழியாகப் போவேன். ஆனால் மாநகராட்சி ஆபீஸுக்கு வாசல் ஒன்றுதான். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. போனில் சொன்னால் போகாதே என்பீர்கள். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், நான் போகாமல் இருந்துவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். இன்று நீங்கள் கூப்பிடும்போது மழையைப் பற்றியும் மாங்காய் ஊறுகாயைப் பற்றியும்தான் பேசுவேன். இது உங்கள் கைக்கு வரும்போது ஓட்டு முடிந்திருக்கும்.

படித்ததும் கூப்பிடுங்கள். நான் எடுக்காவிட்டால் குடிபாலாவுக்குப் பேசுங்கள், ஜெமிமா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. கர்த்தர் உங்களை அங்கே சுகமாக வைத்திருக்கட்டும். எது நடந்திருந்தாலும் சாமை மட்டும் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசாதீர்கள்.

உங்கள் அன்பு மனைவி,
கேசியா